தோட்டா கிடைக்காத நாட்களில்: நீலகிரியில் உரிமத் துப்பாக்கி வைத்திருப்போர் கேட்கும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கத் தோட்டக்காரர்களில் பலர் வீட்டில் அப்பா காலத்து 12 போர் (குழல் அளவு) துப்பாக்கி ஒன்று இருக்கும். உரிமம் இருக்கும், புதுப்பித்தும் வைத்திருப்பார்கள். தோட்டா மட்டும் கிடைக்காது. அந்த நேரத்தில்தான் "காலித் தோட்டாவை நாமே நிரப்பிக்கொண்டால் என்ன?" என்ற பேச்சு தேநீர்க் கடையில் கிளம்புகிறது. இணையத்தில் வெளிநாட்டுக் காணொளிகளும் கொட்டிக் கிடக்கின்றன. அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் என்னிடம் வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தோட்டா நிரப்பும் முறை இதில் இல்லை. ஏன் இல்லை என்பது படிக்கப் படிக்கப் புரியும்.

கடையில் கேட்டால் "ஸ்டாக் இல்லை" என்கிறார்கள். ஏன் இப்படி?

நம் ஊர்களில் பெரும்பாலும் புழங்குவது புனே அருகே கட்கி தொழிற்சாலையில் செய்யும் கே.எஃப். தோட்டா. அந்தத் தொழிற்சாலை முன்பு அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகளோடு இருந்தது. 2021 அக்டோபர் 1 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் வேண்டியதைச் செய்வதுதான் அங்கே முதல் வேலை. நம்மைப் போன்றவர்களுக்கான 12 போர் தோட்டா அதற்குப் பின்னால்தான் வரும்.

அங்கிருந்து வரும் சரக்கு உரிமம் பெற்ற வியாபாரிகளுக்குப் பங்காகிறது. மலையில் வியாபாரிகள் குறைவு, கோயம்புத்தூர் போய்த்தான் பலர் வாங்குகிறார்கள். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் பெரும்பாலும் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டியிருப்பதால் அந்த மாதங்களில் வாங்கவும் வழியில்லை. கடைக்குப் புறப்படும் முன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். அசல் உரிமத்தை மறக்காதீர்கள், நகலைக் காட்டினால் தரமாட்டார்கள். ஒரே நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம், ஓராண்டில் எத்தனை வாங்கலாம் என்ற இரண்டு எண்களும் உங்கள் உரிமத்திலேயே எழுதியிருக்கும்.

எல்.ஜி. எனும் பெரிய ரவைத் தோட்டாதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், இருக்கிற ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் ஈய உருண்டைகள்) அளவில் நல்ல தோட்டாவை வாங்கி வைப்பதே என் யோசனை. சத்தம் எழுப்பி விரட்டத்தான் வாங்குகிறோம் என்றால் பெரிய ரவை எதற்கும் தேவையில்லை.

அமெரிக்காவில் வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறார்களே. நாம் ஏன் செய்யக் கூடாது?

அங்கே செய்கிறார்கள் என்பது உண்மை. 2020, 2021 கொரோனா காலத்தில் அங்கேயும் தோட்டாவுக்குக் கடும் தட்டுப்பாடு வந்தது, மருந்தைப் பற்றவைக்கும் கேப் எனும் பிரைமர்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் அவர்கள் செய்வதை முழுதாகப் பார்க்க வேண்டும். பிரைமர், வெடிமருந்து, வாட் எனும் அடைப்பு, ரவை எல்லாம் அங்கே கடையில் சட்டப்படி கிடைக்கிறது. எந்தக் கூட்டுக்கு எந்தப் பிரைமர், எந்த மருந்து எவ்வளவு, எந்த வாட், எத்தனை எடை ரவை என்று வெடிமருந்து நிறுவனங்களே அழுத்தம் அளந்து பார்த்து அட்டவணை வெளியிடுகின்றன. அந்த வரிசையில் ஒன்றை மாற்றினால் அடுத்த அட்டவணைக்குப் போவார்களே தவிர, கைக்கு வந்ததைப் போட்டு ஈடுகட்ட மாட்டார்கள். நெடுநாள் அனுபவமுள்ளவர்கள் அந்த விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருப்பார்கள்.

நம்மிடம் அந்தப் பொருட்களும் இல்லை, அட்டவணையும் இல்லை, செய்வதற்கு உரிமையும் இல்லை. காணொளியில் தெரிவது கடைசி ஐந்து நிமிட வேலை மட்டும்தான்.

துப்பாக்கிக்கு உரிமம் இருக்கும்போது தோட்டா செய்வது குற்றமா?

குற்றம்தான், அதுவும் சிறியதல்ல. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவு வைத்திருப்பதற்கான உரிமம் பற்றியது. உங்கள் கையில் இருப்பது அது. செய்வதற்கும் விற்பதற்கும் பழுது பார்ப்பதற்கும் 5ஆம் பிரிவின்படி தனி உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, 5ஆம் பிரிவை மீறி ஆயுதமோ தோட்டாவோ செய்தால் குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள் தண்டனை வரையும் போகலாம்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. சட்டத்தின் பார்வையில் முழுத் தோட்டா மட்டும் தோட்டா அல்ல. தோட்டாவின் பாகங்களும் அதைச் செய்யும் இயந்திரமும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். "நான் இன்னும் நிரப்பவே இல்லை, கேப்பும் கருவியும் மட்டும்தான் வாங்கி வைத்திருக்கிறேன்" என்ற வாதம் நிற்காது. கரிமருந்து என்றால் 1884 வெடிபொருள் சட்டமும் 1908 வெடிமருந்துப் பொருட்கள் சட்டமும் சேர்ந்துகொள்ளும். உரிமம் ரத்தாகும், துப்பாக்கி போகும். இத்தனை வருடம் முறையாகப் புதுப்பித்து வந்த ஒரு குடும்பத்தின் பெயரும் காவல் நிலையப் பதிவேட்டில் ஏறும்.

அப்படி ஒரு தோட்டாவுக்குள் என்னதான் இருக்கிறது? பார்த்தால் எளிதாகத்தானே தெரிகிறது?

கே.எஃப். தோட்டா ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடியில் பித்தளை மூடி, அதன் நடுவில் வட்டமாகக் கேப். மேலே பிளாஸ்டிக் கூடு, பழையதானால் காகிதக் கூடு. கேப்புக்கு மேல் மருந்து, அதற்கு மேல் வாட், அதற்கும் மேல் ரவை. வாயை மடித்து மூடியிருப்பார்கள். ஆறு பாகம்தான், மறைவான எதுவும் இல்லை. அதனால்தான் எளிதாகத் தோன்றுகிறது.

சுடும்போது நடப்பது வேறு. விசையை அழுத்தினால் குதிரை எனும் சுத்தி கேப்பில் அடிக்கிறது. அதில் உள்ள துளி ரசாயனம் தீப்பொறியாகி மருந்தைப் பற்றவைக்கிறது. மருந்து எரிந்து வாயுவாகிறது. வாட் அந்த வாயுவைக் கசியவிடாமல் பிடித்து ரவையைத் தள்ளுகிறது. வாய் மடிப்பு எவ்வளவு நேரம் தாங்குகிறதோ அந்த அளவுக்கு அழுத்தம் ஏறுகிறது. 12 போர் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்குள் ஏறும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,000 பவுண்டுக்கு மேல் வரை போக இடமுண்டு. உங்கள் ஜீப் டயரில் இருப்பது 30 சொச்சம். இவ்வளவும் நடந்து ரவை குழலை விட்டு வெளியேறக் கண் இமைக்கும் நேரம்கூட ஆவதில்லை.

இந்த ஆறு பாகமும் ஒன்றையொன்று நம்பி நிற்பவை. வாட் சற்று இறுகினால் அழுத்தம் கூடும். ரவை எடை கூடினால் கூடும். வீரியம் கூடிய கேப் போட்டால் கூடும். மடிப்பு தளர்ந்தால் குறையும், மருந்து அரைகுறையாக எரிந்து வாட் குழலுக்குள்ளேயே நின்றுவிடும். உள்ளே இருக்கும் மருந்தின் எடை ஒன்றிரண்டு கிராம்தான் என்பதால், கண்ணளவில் தெரியாத பிசகே பெரிய பிசகாகிவிடுகிறது. எது கூடியது, எது குறைந்தது என்பது சுட்ட பிறகுதான் தெரியும். அப்போது உங்கள் முகம் தோட்டா அறையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கும், இடது கை குழலுக்கு அடியில் இருக்கும்.

வெடித்த இரட்டைக்குழல் ஒன்றைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறைக்குச் சற்று முன்னால், சரியாக இடது உள்ளங்கை தாங்கும் இடத்தில்தான் இரும்பு கிழிந்து வெளிப்பக்கமாக மடிந்திருக்கும்.

கோவில் திருவிழா வெடிக்குப் போடும் கரிமருந்தை அளந்து போட்டால் போதாதா? அந்தக் காலத்தில் அதைத்தானே போட்டார்கள்?

அந்தக் காலத்துத் தோட்டாவில் கரிமருந்து இருந்தது உண்மை. அது துப்பாக்கிக்கென்றே அரைத்து, சலித்து, பருமன் பார்த்துத் தரம் பிரித்த மருந்து. பட்டாசு மருந்து அப்படியல்ல. சத்தத்துக்கென்று கலக்கும் மருந்தில் அலுமினியப் பொடியும் வேறு உப்புகளும் இருக்கும். துப்பாக்கிக்கு வேண்டியது தள்ளுகிற எரிவு. பட்டாசுக்கு வேண்டியது உடைக்கிற வெடிப்பு. குழலுக்குள் அதைப் போட்டால் ரவையைத் தள்ளும் முன் அறையைப் பிளக்கும். அதை இடிக்கும்போதே, கொட்டும்போதே உராய்விலும் பற்றிக்கொள்ளும். பட்டாசு ஆலைகளில் பழகிய கைகளுக்கே அந்த விபத்து நேர்கிறது.

அருவங்காட்டிலேயே மருந்து செய்கிறார்களே. அந்த மருந்து கிடைத்தால் சரியாக இருக்குமா?

இந்தக் கேள்வி நீலகிரியில் மட்டும்தான் வரும். அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை நூறாண்டைக் கடந்து நம் மலையில் நிற்கிறது. அதில் வேலை பார்த்தவர் இல்லாத ஊர் குன்னூர் சுற்றுவட்டத்தில் அரிது. புகையில்லா மருந்தைப் பற்றி நமக்கு வெளியூர்க்காரர்களைவிடக் கூடுதலாகத் தெரியும் என்ற பெருமை நியாயமானதுதான்.

அந்தத் தொழிற்சாலையே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. கார்டைட் என்பது 1889இல் ஏபெலும் டியூவரும் உருவாக்கியது. நைட்ரோகிளிசரின், வெடிப்பஞ்சு, வாசலின் மூன்றையும் பிசைந்து கயிறுபோல் பிழிந்தெடுப்பார்கள். ஒரே கலவையை மெல்லிய இழையாகப் பிழிந்தால் வேகமாக எரியும், தடித்த கயிறாகப் பிழிந்தால் மெதுவாக எரியும். பீரங்கிக்கு ஒரு தடிமன், ரைபிளுக்கு ஒன்று என்று செய்வது இதனால்தான். பெயர் ஒன்றாக இருப்பதால் எரியும் வேகம் ஒன்றாகிவிடாது. நம்முடையதுபோல் ரவை சுடும் ஷாட்கன்னுக்குச் செய்யாத மருந்து ஷாட்கன்னில் என்ன செய்யும் என்று யாராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கரிமருந்தின் அளவுக்கே புகையில்லா மருந்தை நிரப்பியதால் உலகமெங்கும் எத்தனையோ குழல்கள் வெடித்திருக்கின்றன. தொழிற்சாலைப் பொருள் வெளியே வருவதே குற்றம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கேப் மட்டும் மாற்றினால் போதுமே, தீக்குச்சி மருந்தை வைத்து?

வேண்டாம். கேப்பில் இருப்பது அடித்தாலே, தேய்த்தாலே பற்றுகிற பொருள். விரலிடுக்கில் பற்றினால் விரலும் கண்ணும் போகும். போகாமல் தப்பினாலும், பழைய கேப்பைத் தட்டி எடுத்து மறுபடி அமுக்கிய தோட்டாவில் அது உறுதியாக உட்காராது. சுடும்போது வாயு பின்பக்கம் பீறிட்டு முகத்துக்கு வரும்.

ரவையைக் கொட்டிவிட்டு பால்ரஸ் எனும் எஃகுக் குண்டோ, மெழுகு ஊற்றிய ஒற்றைக் குண்டோ போடுகிறார்களாமே?

கம்பெனித் தோட்டாவைப் பிரித்து உள்ளே இருப்பதை மாற்றுவதும் செய்வதாகத்தான் கணக்கு. அது சட்டம். இரும்பின் பக்கமிருந்தும் பாருங்கள். நம் பழைய குழல்கள் ஈயத்துக்கென்று செய்தவை. ஈயம் மெத்தென்றது, வாயருகே குழல் குறுகும் இடத்தில் நெளிந்து கொடுத்துப் போய்விடும். எஃகுக் குண்டு நெளியாது. குழலின் உட்புறத்தைக் கீறும், அந்தக் குறுகலில் குழலை வீங்கச் செய்யும். மெழுகு ஊற்றியதும், கூட்டைப் பாதியில் வெட்டிவிட்டதும் ஒரே கட்டியாகக் குழலில் ஏறும். நடுவில் சிக்கி நின்றால் அடுத்த வெடி அதன்மேல் மோதும்.

இப்படி மாற்றிய தோட்டாவைப் பெரும்பாலும் நாடுவது எதற்கு என்பதும் எல்லோருக்கும் தெரியும். பயிரைக் காக்க விரட்டுபவருக்கு ஒற்றைக் குண்டு தேவைப்படாது.

என்னுடையது 16 போர். தோட்டா சுத்தமாகக் கிடைக்கவில்லை. 20 போர் தோட்டாவுக்குக் காகிதம் சுற்றிப் போடலாமா?

கூடாது. போர் எண் பெரிதானால் குழல் சிறிது. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டையின் குறுக்களவு 12 போர், 20 ஆக்கினால் 20 போர். சிறிய தோட்டாவைப் பெரிய அறையில் வைத்தால் கூடு கிழியும், பித்தளை அடி பிளக்கும்.

இதைவிட ஆபத்தானது தெரியாமல் நடப்பது. 20 போர் தோட்டா 12 போர் அறைக்குள் வழுக்கிக்கொண்டு போய்க் குழலின் தொடக்கத்தில் நிற்கும். பார்த்தால் அறை காலியாக இருப்பதுபோல் தெரியும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டு விசையை அழுத்தினால் இரண்டும் சேர்ந்து குழலைக் கிழிக்கும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான். வீட்டில் இரண்டு அளவுத் துப்பாக்கி இருந்தால் தோட்டாவை வீட்டின் தனித்தனி அறையில் வையுங்கள், ஒரே பையில் ஒருபோதும் போடாதீர்கள்.

16 போருக்குத் தோட்டா அரிதாகிவிட்டது உண்மை. அதை வைத்துக்கொண்டு அல்லாடுவதைவிட, வியாபாரி மூலம் முறையாக மாற்றி 12 போருக்கு உரிமத்தில் பதிவு பெறுவதே நடக்கிற வழி.

தாத்தாவின் இங்கிலாந்துத் துப்பாக்கிக்கு இப்போதைய தோட்டா பொருந்துமா?

உள்ளே போகிறது என்பதால் பொருந்துகிறது என்று ஆகாது. தோட்டத் துரைமார்கள் விட்டுப்போன பல பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகளின் அறை நீளம் 2½ அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இன்றைய தோட்டா பெரும்பாலும் 2¾ அங்குலம், 70 மில்லிமீட்டர். அந்த நீளம் சுட்ட பிறகு வாய் விரிந்த நீளம். மடித்திருக்கும்போது குட்டையாக இருப்பதால் 65 அறையில் சுகமாக உட்காரும். சுட்டதும் வாய் விரிய இடமில்லாமல் குழலின் குறுகலுக்குள் விரியும், அழுத்தம் எகிறும்.

குழலின் அடித்தட்டையில் லண்டன் அல்லது பர்மிங்ஹாம் சோதனைச் சாலை முத்திரை இருக்கும், பல துப்பாக்கிகளில் அறை நீளமும் பொறித்திருக்கும். உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். குழலில் அலை அலையாகக் கோடு ஓடினால் அது டமாஸ்கஸ் குழல். இரும்புப் பட்டைகளை முறுக்கிப் பற்றவைத்துச் செய்தது, கரிமருந்துக் காலத்தது. அதைச் சுவரில் மாட்டி அழகு பாருங்கள், சுட வேண்டாம்.

பக்கத்துத் தோட்டக்காரரிடம் நாலு தோட்டா கைமாற்று வாங்கலாமா?

அவரும் உரிமதாரர், நீங்களும் உரிமதாரர் என்றாலும் சர்க்கரை கடன் வாங்குவதுபோல் வாங்க முடியாது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பதை இன்னொரு உரிமதாரருக்கு மாற்ற, மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ முன்கூட்டி எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்திருக்க வேண்டும். அவ்வளவு நாள் காத்திருப்பதற்குக் கடைக்கே சரக்கு வந்துவிடும்.

குடகில் உரிமமே வேண்டாமாமே?

குடகில் கொடவர்களுக்கும் ஜம்மா எனும் பரம்பரை நில உரிமை உள்ளவர்களுக்கும் தனி விலக்கு உண்டு, 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். நீலகிரிக்கு அது பொருந்தாது. அங்கே உறவினர் இருந்தாலும் அங்கிருந்து தோட்டா கொண்டுவர முடியாது.

இருக்கிற தோட்டா கெடாமல் எப்படி வைப்பது? நம் ஊர் ஈரத்தில் எல்லாம் பூத்துப்போகிறதே.

தட்டுப்பாட்டுக் காலத்தில் உண்மையாகக் கை கொடுப்பது இதுதான். புதிதாகக் கிடைப்பதைவிடக் கெட்டு வீணாவது பல வீடுகளில் அதிகம்.

கூடலூர், தேவாலா பக்கம் ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழை செப்டம்பர் வரை விடாது. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர் மழைதான் பெரிது. பிறகு மூடுபனி. எந்தப் பக்கம் இருந்தாலும் வருடத்தில் பாதி நாள் வீட்டுச் சுவர் வியர்க்கும். அட்டைப் பெட்டியோடு தோட்டாவைப் பீரோவில் வைத்தால் அட்டை முதலில் ஈரத்தை உறிஞ்சும், பிறகு தோட்டாவுக்குக் கொடுக்கும். இறுக மூடும் ரப்பர் விளிம்புள்ள டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, நல்ல வெயில் நாளில் மூடி வையுங்கள். மழை நாளில் மூடினால் ஈரக்காற்றைத்தான் பூட்டி வைக்கிறீர்கள். சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் அந்தப் பொட்டலத்தை மட்டும் எடுத்து உலர்த்துங்கள்.

ஈரத்துக்குப் பயந்து அடுப்புக்கு மேல் பரணில் வைப்பது மலையில் பழைய வழக்கம். அதை விட்டுவிடுங்கள். சூடு ஏறி இறங்குவது மருந்தைக் கெடுக்கும், தீப்பிடித்தால் கேட்கவே வேண்டாம். கேப்பின் மேல் எண்ணெய் தடவுவதும் தவறு. எண்ணெய் இறங்கிக் கேப்பைச் செத்துப்போகச் செய்யும். எண்ணெய் துப்பாக்கிக்கு, தோட்டாவுக்கு வேண்டாம். துப்பாக்கி ஓரிடம், தோட்டா வேறிடம், இரண்டுக்கும் பூட்டு. சாவி பிள்ளைகளின் கைக்கு எட்டக் கூடாது.

ஒவ்வொரு பெட்டியிலும் வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டுங்கள். பழையதை முதலில் எடுங்கள். எந்த நாள், எத்தனை வெடி, எதற்காக என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். புதுப்பிக்கும்போது கேட்டால் அந்த நோட்டு பேசும்.

நெடுநாள் வைத்திருந்த தோட்டாவைச் சுடலாமா?

கையில் எடுத்து உருட்டிப் பாருங்கள். பித்தளை அடியில் மங்கல் மட்டும் இருந்தால் பரவாயில்லை. பச்சைக் களிம்பு பிடித்து, நகத்தால் சுரண்டினால் குழி தெரிந்தால் ஒதுக்குங்கள். காகிதக் கூடு வீங்கியிருந்தால் அறையில் பாதியில் நிற்கும். அதைக் கட்டையால் தட்டி ஏற்றுவது கேப்பின் மேல் தட்டுவதற்குச் சமம். வாய் மடிப்பு பிரிந்து ரவை எட்டிப் பார்ப்பது, குலுக்கினால் உள்ளே கட்டியாக ஆடுவது, இதெல்லாம் ஒதுக்க வேண்டியவை.

ஒதுக்கியதை அடுப்பிலோ குப்பையிலோ போடாதீர்கள், மண்ணில் புதைக்காதீர்கள், பிரித்து ஈயம் எடுக்காதீர்கள். வாங்கிய வியாபாரியிடமோ காவல் நிலையத்திலோ எழுத்துடன் ஒப்படையுங்கள். கணக்கிலிருந்து கழிக்க அந்த ரசீது வேண்டும்.

விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை. உடனே திறக்கலாமா?

திறக்காதீர்கள். ஆளில்லாத பக்கம் குழலை நீட்டியபடியே முழுதாக 30 விநாடி நில்லுங்கள். கேப் தாமதமாகப் பற்றுவதுண்டு. பிறகு முகத்தை விலக்கித் திறந்து எடுங்கள், அதே தோட்டாவை மறுபடி முயற்சிக்க வேண்டாம்.

இன்னொரு நிலைமை உண்டு, அதுதான் ஆளைக் கொல்வது. வெடித்தது, ஆனால் சத்தம் "புஸ்" என்று மெலிதாக இருந்தது, தோளில் உதை இல்லை. ஈரம் பிடித்த தோட்டாவில் இது சகஜம். வாட் குழலுக்குள் நின்றிருக்கக் கூடும். பன்றி இன்னும் கேரட் பாத்தியில் நிற்கிறதே என்று அடுத்ததைப் போட்டுவிடாதீர்கள். தோட்டாவை முழுதாக வெளியே எடுத்து, குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அறைப் பக்கமிருந்து பாருங்கள். வட்டமாக வெளிச்சம் தெரியாவிட்டால் அன்றைக்குத் துப்பாக்கி வேலை முடிந்தது. சறுக்கி விழுந்து குழல் வாயில் சேறு ஏறினாலும் இதே சோதனைதான். நம் சரிவுகளில் அது அடிக்கடி நடக்கும்.

பயிர்க் காவலுக்குத்தானே உரிமம். காட்டுப்பன்றியைச் சுடலாமா?

பயிர்க் காவல் உரிமம் துப்பாக்கியை வைத்திருக்கத்தான். விலங்கைக் கொல்ல அது அனுமதி அல்ல. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது, சுட முயல்வதும் வேட்டைக் கணக்கில்தான் சேரும். உயிருக்கு ஆபத்து வந்து நல்லெண்ணத்தோடு தற்காத்துக்கொள்வது மட்டும் விலக்கு. காட்டுமாடு, யானையைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றி பற்றி ஆணை வெளியிட்டது. காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் புகுந்து சேதம் செய்யும் பன்றிகளை, உரிய விசாரணைக்குப் பிறகு வனத்துறையினர் சுடலாம். சுடுவது அவர்கள், நாம் அல்ல. நம் ஊர்களில் பல காட்டை ஒட்டியே இருப்பதால் அந்தத் தூரக் கணக்கில் வருவதும் அரிது.

சத்தத்துக்குச் சுடுவதிலும் கவனம் வேண்டும். மேலே தோட்டம், கீழே தொழிலாளர்களின் லயன் வீடுகள், நடுவில் மூடுபனி. விடியலில் தேயிலை பறிக்க வருபவர்கள் செடி மட்டத்துக்கு மேல் தலை மட்டும் தெரிய நிற்பார்கள். சரிவை நோக்கிச் சுட்டால் ரவை எங்கே போகும் என்று உங்களால் சொல்ல முடியாது. கல்யாணத்திலோ திருவிழாவிலோ மகிழ்ச்சிக்குச் சுட்டு ஆபத்து விளைவித்தால் 2019 திருத்தப்படி 2 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அப்படியானால் தோட்டா இல்லாத மாதங்களில் தோட்டத்தை எப்படிக் காப்பது?

நேர்மையாகச் சொன்னால், தோட்டா இருக்கும் மாதங்களிலும் காப்பது துப்பாக்கி அல்ல. ஒரு வெடிக்கு ஓடிய பன்றிக் கூட்டம் இரண்டு மணி நேரத்தில் திரும்பிவரும். உருளைக்கிழங்கும் கேரட்டும் முற்றும் வாரங்களில் முறை வைத்துக் காவல் இருப்பது, விளிம்பில் புதரை வெட்டி வெளிச்சமாக்குவது, தகரத்தட்டு, டார்ச், நாய், இவைதான் நம் ஊரில் வேலை செய்பவை. அழுகிய முட்டைக்கோஸைப் பாத்தி ஓரத்தில் கொட்டிவிட்டுப் பன்றி வருகிறது என்று புலம்பக் கூடாது.

சோலார் வேலி நல்ல பலன் தரும். அது விட்டு விட்டு வரும் அதிர்ச்சி, கொல்லாது. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவது கொலை. யானையும் செத்திருக்கிறது, விடிகாலையில் தண்ணீர் திருப்பப் போன மனிதரும் செத்திருக்கிறார். தமிழ்நாட்டில் 2023 முதல் மின்வேலி அமைக்கத் தனி விதிகள் உண்டு, பதிவு செய்துதான் போட வேண்டும்.

அவுட்டுக்காய் வைப்பவர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பன்றிக்கு என்று பழத்துக்குள் வைத்த வெடி, யானைக்கும் மாட்டுக்கும் வாயைக் கிழிக்கிறது. தாடை உடைந்த யானை தண்ணீரில் நின்றுகொண்டு நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். அதைச் செய்யும் கைக்கு எந்தப் பயிர்ச் சேதமும் நியாயம் ஆகாது.

சேதம் நடந்தால் அன்றே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் மனு கொடுங்கள். இழப்பீடு தாமதமாகும், ஆனால் மனுக்கள் சேர்ந்தால்தான் உங்கள் ஊருக்கு வேலியும் காவலரும் வருவார்கள்.

முதுமலைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். தனி விதி உண்டா?

உண்டு. சரணாலயத்துக்குள்ளோ அதிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளோ வசிக்கும் உரிமதாரர் தன் பெயரை வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது வனவிலங்குச் சட்டத்தின் 34ஆம் பிரிவு. அந்தத் தூரத்துக்குள் புதிய உரிமம் வேண்டுமானால் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் இசைவும் தேவை. மசினகுடி, கூடலூர்க்காரர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பரண் ஏறினால் தாத்தாவின் நாட்டுத் துப்பாக்கியும் ஒரு டப்பா கருப்புப் பொடியும் இருக்கின்றன. உரிமம் இல்லை. என்ன செய்வது?

முதலில் டப்பாவைத் திறக்காதீர்கள், குலுக்காதீர்கள், கீழே இறக்காதீர்கள். துருப்பிடித்த மூடியைத் திருகும் உராய்வே கரிமருந்துக்குப் போதும். விளக்கு, பீடி எதுவும் பரண் பக்கம் வேண்டாம். நாட்டுத் துப்பாக்கியில் நாற்பது வருடத்துக்கு முன் போட்ட வெடி இன்னும் குழலில் இருக்கலாம். இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வாய்ப்பக்கம் யாரையும் நிற்கவிடாதீர்கள்.

நீங்களாக எடுத்துக்கொண்டு பேருந்தில் காவல் நிலையம் போகாதீர்கள், வழியில் பிடிபட்டால் விளக்கம் சொல்வது கடினம். நிலையத்துக்குப் போன் செய்து, வீட்டில் இப்படி ஒன்று கிடைத்திருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். ஊர்த் தலைவரையோ தெரிந்த வழக்கறிஞரையோ உடன் வைத்துக்கொள்வது நல்லது. உரிமம் இருந்தவர் இறந்து துப்பாக்கி வீட்டில் தங்கிவிட்டாலும் வழி இதேதான். 21ஆம் பிரிவின்படி தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். வாரிசு தன் பெயருக்கு உரிமம் வாங்கினால் அதைத் திரும்பப் பெறலாம். விண்ணப்பத்தோடு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய உரிமம் மூன்றையும் இணையுங்கள்.